எண்பத்து மூணு லட்சம் புள்ளி

உக்காருங்க கொத்தனாரே. சிமெண்டை அப்புறம் குழைச்சுக்கிடலாம். ஒரு கை சிமெண்டு வேலை, அதுக்கு என்ன அவசரம்? வேலம்மா, கொத்தனாருக்கு ஒரு டீ போடு. சீனி போடலாம்லா? போடலாம்ங்கிறாரு, போடு.

அடைக்க வேண்டிய ஓட்டை அந்தா இருக்கு, டிவிக்கு வலது பக்கம், நெஞ்சு உசரத்துல. ஒரு விரல் நுழையும். அவ்வளவுதான் வேலை. ஆனா உறுதியா அடைக்கணும். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் காத்து நுழையக் கூடாது, வெளிச்சம் நுழையக் கூடாது, முக்கியமா கண்ணு நுழையக் கூடாது. யார் கண்ணுன்னு கேக்குறீகளா? அதைச் சொல்லத்தானே உக்காரச் சொன்னேன்.

மொதல்ல டிவியைப் பாருங்க. அங்க இருந்து பாக்காதீங்க, நாற்காலியை இழுத்துப் போடுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம் கிட்ட. டிவிக்குக் கிட்ட உக்காந்தா கண்ணு கெட்டுப் போகும்னு சின்ன வயசுல நம்மளை அடிச்சாகள்ல, அதெல்லாம் அந்தக் காலத்து டிவிக்கு. இது எழுபத்தஞ்சு இஞ்சு, ஃபோர் கே. இது கிட்ட உக்காந்து பாக்குற டிவி.

ஃபோர் கேன்னா என்னன்னு தெரியுமா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, தப்பில்ல. எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். திரையில உள்ளது பூராம் புள்ளி. மார்கழியில உங்க வீட்டம்மா ஏழு புள்ளி வச்சா வாசல்ல ஒரு பூ வரும். அதே இடத்துல நெருக்கி இருபத்தோரு புள்ளி வச்சா தேரே வரும். அதே கணக்குத்தான். இந்தத் திரையில எண்பத்து மூணு லட்சம் புள்ளி. எண்ணிப் பாத்தீகளான்னு எங்க சம்பந்தி கேட்டாரு. அவரு வெவரம் அவ்வளவுதான். பழைய டிவியில புள்ளி கம்மி, பெருசு பெருசா இருக்கும், கிட்டப் போனா படம் கலைஞ்சு போகும். அதனால தள்ளி உக்காரணும். இதுல புள்ளி பொடிசு, கிட்டயே உக்காரலாம். தள்ளிப் போனாத்தான் நட்டம். தள்ளிப் போயிட்டா இதுவும் ஒண்ணுதான், அவுக வீட்டு டப்பாவும் ஒண்ணுதான்.

யார் வீட்டு டப்பான்னா, எங்க அண்ணன் வீட்டு டப்பா. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்.

இந்த ஹால் முந்தி பதினஞ்சடி. அப்பா காரியம் முடிஞ்சு பாகம் பிரிச்சோம். வழக்கம் உங்களுக்குத் தெரியும்லா, பெரியவன் பிரிக்கணும், சின்னவன் எடுக்கணும். பெரியவன் ஏமாத்திரக் கூடாதுன்னு வச்ச வழக்கம். எங்கண்ணன் கந்தையா ஒரு சாக்பீஸை எடுத்து ஹால் நடுவுல கோடு போட்டாரு. போட்டுட்டு, "நீ எடு முத்து"ன்னாரு. நான் கிழக்கால எடுத்தேன். தெருவாசல், கிணறு, வேப்பமரம், எல்லாம் கிழக்கால. எடுத்து முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், டிவிக்கான ப்ளக் பாயிண்டு மேற்குச் சுவத்துல இருக்கு. அப்பா வாங்கின டிவி. ப்ளக் எந்தப் பக்கமோ டிவி அந்தப் பக்கம்னு பெரியவக சொல்லிட்டாக. திட்டம் போட்டுச் செஞ்ச வேலை கொத்தனாரே.

என்ன, ஒரு மாதிரிப் பாக்குறீக? ஆமா, நான்தான் எடுத்தேன். இல்லைன்னு சொல்லலையே. ஆனா நான் கிழக்கைத்தான் எடுப்பேன்னு கூடப் பொறந்தவருக்குத் தெரியாதா? எடுக்கும்போது, முத்து, ப்ளக் இந்தப் பக்கம் இருக்கு, பாத்து எடுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? சொல்லலை. அன்னைக்கு நிறுத்தினதுதான் பேச்சு. கோட்டு மேல சுவரு எழும்புச்சு. ஒன்பது இஞ்சுல கட்டுவோம், உறுதியா நிக்கும்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரு. எதுக்கு? என் ஹால்ல ரெண்டு இஞ்சைத் திங்கவா? நாலரை இஞ்சு போதும்னு பிடிவாதமா நின்னு கட்டினேன். நான் விட்டுக் குடுக்குற ஆளு இல்ல.

டீ வந்துருச்சு, குடிங்க. சூடு போதும்லா?

இந்த டிவி வாங்க மதுரையில கடைக்குப் போனேன். சாதாரணக் கடை இல்ல, செருப்பைக் கழட்டணுமோன்னு யோசிக்க வைக்கிற கடை. சுவர் பூராம் டிவி. எல்லாத்துலயும் ஒரே கிளி. பச்சைக் கிளி, கழுத்துல ரோஸ் வளையம். அதுக்கு மூக்குல ஒரு கீறல் இருக்கு, அந்தக் கீறல் தெரிஞ்சது கொத்தனாரே. நான் எத்தனையோ கிளி பாத்திருக்கேன், ஒரு கிளி மூக்குலயும் கீறலைப் பாத்ததில்ல. அப்புறம் தேன் வடியுது. அப்புறம் பப்பாளிப் பழத்தை நறுக்குறாக, உள்ள இருக்குற விதையில உங்க மூஞ்சியைப் பாத்துக்கிடலாம். கருப்புக்குன்னு தனியா ஒரு விசேஷம் இருக்குன்னாக, கருப்பு நல்ல கருப்பாத் தெரியுமாம். இதை வந்து வேலம்மாகிட்டச் சொன்னா, கருப்பைப் பாக்கவா டிவி வாங்குனீகன்னு கேக்கா. அப்பத்தான் உக்காருற தூரத்தைப் பத்தியும் கடையில சொன்னாக. ஏழடியே தாராளம்னாக. எனக்குச் சந்தோசம் தாங்கலை. பாகம் பிரிச்சதுல எனக்கு ஒரே ஒரு லாபம் இருக்குன்னா, என் பங்கு ஹால் ஏழடிதான்.

மாட்ட ஆளுக வந்தாக. அந்தப் பக்கம் சன்னல், இந்தப் பக்கம் சாமி ரூம் கதவு, மிச்சம் இருக்குறது இந்தப் பாகச் சுவரு ஒண்ணுதான். ட்ரில்லைப் பிடிச்சாரு ஒருத்தர். பிடிச்ச உடனே அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. எடுத்துப் பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம். இது என்ன சார் அப்பளச் சுவரு, இதுல மாட்டினா டிவி அடுத்த வீட்டுக்குப் போயிரும்னுட்டாரு. அப்புறந்தான் ஸ்டாண்டுல வச்சது.

நான் ஓட்டையைப் பத்திக் கவலைப்படலை. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். செங்கப்பொடி பூராம் அந்தப் பக்கம் கொட்டியிருக்கும், கேக்க வருவாருன்னு நின்னேன். வந்தா என்ன சொல்லணும், அதுக்கு அவரு என்ன சொல்லுவாரு, அதுக்கு நான் என்ன சொல்லணும், எல்லாம் தயாரா இருந்துச்சு. ப்ளக் பாயிண்டுல ஆரம்பிக்கிறதா இருந்தேன். வரலை. மறுநாளும் வரலை. மதினி பெருக்கித் தள்ளுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொதுச் சுவத்துல ஓட்டை போட்டிருக்கேன், ஏன்டா போட்டேன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னா அந்த மனுசனுக்கு எவ்வளவு ஆங்காரம் இருக்கணும்? வாங்கின டிவியில பாதிச் சந்தோசம் அங்கேயே போச்சு.

மிச்சப் பாதி கேபிள் கனெக்சன் குடுத்தப்பப் போச்சு. சீரியல்ல வர்ற பொம்பளைக எல்லாருக்கும் தேனீ கொட்டின மாதிரி மூஞ்சி வீங்கித் தெரியுது. பழைய டிவியிலயே லட்சணமா இருந்தாளுகன்னு வேலம்மா சொல்லுறா. அவளுக்கு வெவரம் பத்தாது. கேபிள்ல வர்ற படத்துல நாலு லட்சம் புள்ளிதான் இருக்கு, அதை இந்த டிவி எண்பத்து மூணு லட்சம் புள்ளிக்கும் பங்கு வைக்கணும். நாலு பேருக்கு ஆக்கின சோத்தை எண்பத்து மூணு இலைக்குப் பரிமாறின கதை. தப்பு சோத்து மேலயா, இலை மேலயா? இலை நல்ல தலைவாழை இலை கொத்தனாரே.

அதனால கடையில குடுத்த பென் டிரைவைத்தான் தினமும் சாயங்காலம் போடுறது. கிளி, தேன், பப்பாளி. முடிஞ்சா மறுபடியும் கிளி. வாற விருந்தாளிக்கெல்லாம் கிளியைத்தான் காட்டுறேன். மூக்குல கீறல் தெரியுதான்னு கேப்பேன். தெரியுதுன்னு சொல்லுற வரைக்கும் காப்பி கிடையாது. சம்பந்தி பாத்துட்டு, நல்ல கிளி, நியூஸைப் போடுங்கன்னாரு. அவருக்கு அன்னைக்கு வடை வைக்க வேண்டாம்னுட்டேன்.

செட்டாப் பாக்ஸை மாத்துங்கன்னு கேபிள்காரர் சொன்னாரு. மாத்தினேன். கொஞ்சம் பரவாயில்ல. ஆனா இடையில இடையில படம் நின்னு நின்னு போகுது. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஓட்டை. அந்த ஓட்டை வழியா அவர் கண்ணு இந்த டிவி மேல விழுது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாக? படிகாரம் கட்டினேன், பூசணிக்காய் உடைச்சேன், டிவிக்குப் பின்னால ஒரு பொட்டு மை வச்சேன். ஒண்ணும் கேக்கலை. வேலம்மா ஒரு நாள் வந்து, மூத்த அத்தானுக்குன்னு என்னமோ ஆரம்பிச்சா. அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்ல கூடாதுன்னு கையைக் காட்டிட்டேன். ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சுப் பாத்தா. நான் விடலை. அப்புறம் அவளே விட்டுட்டா.

அவரு பாக்குறது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீக. நியாயமான கேள்வி. டிவின்னா பின்னால வயரு இருக்கும்லா, அதைத் தினமும் சரி பண்ண வேண்டியிருக்கு. குனிஞ்சு வயரைத் தொட்டா ஓட்டை நேரா கண்ணுக்கு வந்துருது. நானாப் பாக்குறதில்ல. அதுபாட்டுக்குத் தெரியும்.

தெரிஞ்சது என்னன்னா, அப்பாவோட டிவியைத்தான் இன்னும் வச்சிருக்காரு. பின்னால பொதி மாதிரிப் புடைச்சுக்கிட்டு இருக்குமே, அந்த டிவி. புதுசு வாங்க மனசு வரலை. சரி, கஞ்சத்தனம், அவர் பாடு. ஆனா உக்காந்திருக்க லட்சணத்தைப் பாக்கணும் நீங்க. மூக்கு டிவிக் கண்ணாடியில இடிக்குது. ஒரு காதைத் திரையில வச்சு உக்காந்திருக்காரு, அப்புறம் தலையைத் திருப்பி இன்னொரு பக்கத்தை வைக்கிறாரு. அந்த டிவிக்கு எவ்வளவு தள்ளி உக்காரணும்? எட்டடி, பத்தடி. அவர் ஹாலும் ஏழடிதான், அந்தக் கடைசிச் சுவத்துல ஒட்டி உக்காந்தாத்தான் ஓரளவுக்காவது படமாத் தெரியும். புள்ளிக் கணக்கு தெரியாத மனுசன். எனக்கு வாய் அரிக்கும் கொத்தனாரே. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். நான் ஏன் சொல்லணும்? ப்ளக் பாயிண்டை அவரு சொன்னாரா?

முதுகைக் காட்டி உக்காந்திருக்கவர் கண்ணு இங்க எப்படி விழும்னா, நான் பாக்காத நேரம் திரும்பிப் பாத்திருப்பாரு. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது.

போன ஆவணியில பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில எனக்கு நேர் எதிர் வரிசையில வந்து உக்காருறாரு. எனக்கு என்னமோ மனசு இளகிப் போச்சு. தலை நல்லா நரைச்சு, கன்னம் ஒட்டி, அப்பா சாயல் வந்துருச்சு அவருக்கு. சரி, நாமதான் சின்னவன், இறங்கிப் போவோம்னு சிரிச்சேன். பல்லுத் தெரியச் சிரிச்சேன் கொத்தனாரே, பரிமாறுறவர் கூடப் பாத்தாரு. இவரு நேரா என் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துட்டு, பாயாசம் எங்கன்னு மதினிகிட்டக் கேட்டாரு. எனக்கு அந்த இலையோட எந்திரிச்சிறலாமான்னு இருந்துச்சு. பத்தாததுக்கு மதினி வேற பக்கத்துல உக்காந்து, இது கூட்டு, இது பொரியல், அப்பளம் ஓரத்துல இருக்குன்னு வர்ணனை குடுக்குது. சாப்பிட்டு முடிச்சதும் கையைப் பிடிச்சுக் கை கழுவக் கூட்டிட்டுப் போகுது. பேரன் பேத்தி எடுத்த வயசு, ஊரே பாக்குது, ஜோடி போட்டுக் கை கோத்துக்கிட்டு நடக்காக.

அதையும் விட்டேன். போன மாசம் என்ன நடந்துச்சுன்னா, அந்தப் பக்கம் டமால் டமால்னு சுவத்துல அடிக்கிற சத்தம். வயரைச் சரி பண்ணப் போனேன். கம்பி, திருகாணி, இரும்புப் பட்டை எல்லாம் தரையில பரப்பி வச்சிருக்கு. எனக்கு விளங்கிருச்சு. டிவி மாட்டப் போறாரு. இரும்பு போற போக்கைப் பாத்தா எண்பத்தஞ்சு இஞ்சுக்குக் குறையாது. எட்டு கேயாக் கூட இருக்கலாம், வீம்புக்கு வாங்குறவருக்கு என்ன? எனக்குச் சோறு இறங்கலை. ஆனா இன்னைக்கு வரைக்கும் டிவி வந்த பாடில்ல. இருந்த டப்பாவையும் இப்பப் போடுறதில்ல. அதுக்குப் பதிலா என்ன செய்யிறாரு தெரியுமா? சாயங்காலம் நான் கிளியைப் போட்ட உடனே நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்து இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிடுறாரு. ஓட்டைக்குக் கீழ அவர் உச்சந்தலை மட்டும் தெரியும். கிளி கத்துனா தலையை ஆட்டுறாரு. கரண்டு பில்லு என்னோடது, சத்தம் அவருக்கு ஓசி. இது பொறுக்காமத்தான் உங்களுக்கு ஆள் விட்டேன்.

என்ன கொத்தனாரே, டீயைக் கீழ வச்சுட்டீக?

நீங்களா அடிச்சீக? அந்த வேலை நீங்க செஞ்சதா? அட, மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நல்லதாப் போச்சு. சொல்லுங்க, எத்தனை இஞ்சு?

கைப்பிடியா?

எதுக்குக் கைப்பிடி? ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் எதுக்குக் கைப்பிடி, நல்லா நடக்குற மனுசனுக்கு? காலு நல்லாத்தானே இருக்கு.

எது போச்சு?

கண்ணா? ரெண்டுமா?

சுகரு அவருக்கு ரொம்ப நாளா உண்டு, அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் உண்டு. ஆனா… ஒண்ணு சுத்தமாப் போச்சா. இன்னொண்ணுல நிழலாட்டம் தெரியுதா. எப்ப இருந்து? போன வருசமேயா? கல்யாணத்துக்கு முந்தியேவா?

வேலம்மா. இங்க வா. நீ சொல்ல வந்தது இதுதானா? மூத்த அத்தானுக்குன்னு ஆரம்பிச்சது இதுதானா? வாயைத் திறந்து சொல்லேன். நான் எங்க சொல்ல விட்டேன்னு கேக்கா. ஆமா, நான் விடலை.

அப்ப நான் சிரிச்சது அவருக்குத் தெரியவே இல்ல. கொத்தனாரே, நான் அன்னைக்குப் பந்தியில சிரிச்சேன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. இன்னும் நான் கோவமா இருக்கேன்னுதானே நினைச்சுக்கிட்டு இருப்பாரு. டிவியில மூஞ்சியை ஒட்ட வச்சுக்கிட்டு இருந்தவரை, புள்ளிக் கணக்கு தெரியலை, தள்ளி உக்காரத் தெரியலைன்னு நான் இங்க உக்காந்து கேலி பண்ணியிருக்கேன். பூசணிக்காய் வேற உடைச்சிருக்கேன்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுறேன்.

இல்ல, சிமெண்டு குழைக்க வேண்டாம். சுத்தியலும் உளியும் கொண்டு வந்திருக்கீகளா? அந்த ஓட்டையில இருந்து ஆரம்பிங்க, கீழ தரை வரைக்கும் எடுத்துருங்க. ஓட்டையை அடைக்கத்தான் கூப்பிட்டேன், இல்லைங்கலை. இப்ப எடுக்கச் சொல்றேன். அப்பளச் சுவருதானே, உங்களுக்கு என்ன கஷ்டம்? மேல மரச்சட்டம் வச்சுக் கெட்டி பண்ணிக்கிடுங்க. அகலமா? ஒரு ஆள் அகலம் பத்தாது. மதினி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்லா. ரெண்டு ஆள் சேந்து வர்ற அகலம் வைங்க.

டிவியா, அதை அந்த மூலைக்குத் தள்ளிக்கிடலாம். தூரமாப் போயிரும்தான். கீறல் தெரியாதுதான். கீறலை நான் வாயால சொல்லிக்கிடுறேன். பப்பாளி விதை வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லுவேன், எனக்குத்தான் பாராமலே வருமே.

அவுககிட்டக் கேக்காமலான்னா, கேக்கத்தான் போறேன். உளியை வைக்காதீங்க, பொறுங்க. சாயங்காலமாச்சு, கிளிக்காக வந்து உக்காந்திருப்பாரு. இருங்க, பாக்குறேன். ஆமா, தலை தெரியுது. சுவத்துலதான் சாஞ்சிருக்காரு. திடீர்னு அடிச்சா பதறிப் போவாரு. என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னே தெரியலையே. தயாரா வச்சிருந்தது ஒண்ணும் இப்ப வாய்க்கு வர மாட்டேங்குது.

அண்ணே.

நான்தான். முத்து. ஆமாண்ணே, முத்துதான்.

சுவத்துல அடிக்கப் போறோம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.